வீடு யார் பேரில்?

ஸ்பிதிக்குத் தனியாகப் போய்வந்த பெண்ணைத் துணிச்சல்காரி என்கிறோம். அங்கேயே பிறந்து, வரட்டி சேர்த்து, பட்டாணி விதைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டி சுடும் பெண்ணை என்னவென்கிறோம்? விருந்தோம்பல் மிக்கவள் என்கிறோம். ஒருத்திக்கு வீரம், இன்னொருத்திக்கு நல்ல குணம். இந்தப் பங்கீட்டோடுதான் எனக்குச் சண்டை.

இமாச்சலப் பிரதேசத்தில், திபெத் எல்லையை ஒட்டிக் கிடக்கும் குளிர் பாலைவனம் ஸ்பிதி. மணாலி வழியாகப் போனால் 4,500 மீட்டருக்கும் உயரமான குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். மழை மேகத்தை மலைத்தொடர் மறித்துவிடுகிறது. பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீரை நம்பித்தான் பார்லியும் பச்சைப் பட்டாணியும் விளைகின்றன. இந்த நிலத்தை 'ஆளற்ற வெளி' என்றும் 'எல்லையில்லாச் சுதந்திரம்' என்றும் பயணக் கட்டுரைகள் எழுதுகின்றன. நான் பார்த்த வயல்களில் எல்லாம் ஆள் இருந்தார்கள். களை பறித்தவர்களும் மடை திருப்பியவர்களும் முதுகுக் கூடையில் தீவனம் சுமந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். படம் எடுக்கும்போது அவர்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள், அவ்வளவுதான்.

தனியாகப் பயணம் போகாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நம் வீடுகளில் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். போகிற நாம், நம்மைத் தாங்குகிற வீடு யாருடையது என்று கேட்க வேண்டும் என்கிறேன்.

லாங்ஸாவுக்கு அருகே ஓர் ஊரில், நான் தங்கிய ஹோம்ஸ்டேயை நடத்திய பெண்ணிடம் கேட்டேன்: "அக்கா, வீடு யார் பேரில்?" சிரித்தார். "வீட்டுக்காரர் பேரில்தான். அப்புறம் பெரியவனுக்கு." பெரியவனுக்கு மேலே ஒரு மகள் இருந்தாள்; அன்று எங்களுக்குச் சமைத்தவள் அவள்தான்.

ஸ்பிதியின் வழக்கத்தில் வீடும் நிலமும் மூத்த மகனுக்கு. இளைய மகன்களுக்கு மடாலயம் இருந்தது. மகளுக்குக் கல்யாணச் சீர், இல்லாவிட்டால் துறவு. ஆண் வாரிசே இல்லாத வீட்டில்தான் மகள் மருமகனைக் கூட்டிவந்து வீட்டைக் காக்கலாம்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே உதவாது. அதன் 2(2) பிரிவு பட்டியல் பழங்குடியினரை விலக்கி வைக்கிறது. தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுக்க 2005இலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வந்தபோதும் ஸ்பிதி, கின்னோர் பெண்கள் வெளியிலேயே நின்றார்கள். இமாச்சல உயர் நீதிமன்றம் 2015இல் பழங்குடிப் பகுதி மகள்களுக்கும் இந்தச் சட்டப்படி பங்குண்டு என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாக இருக்கலாம். அப்படியானால் மாற வேண்டியது அந்த எழுத்து.

உடனே ஒரு குரல் கேட்கும்: பழங்குடிப் பண்பாட்டில் வெளியாள் ஏன் தலையிட வேண்டும்? கேட்பது வெளியாள் அல்ல. கின்னோரில் ரத்தன் மஞ்சரியும் அவரோடு திரண்ட பெண்களும் பல ஆண்டுகளாக இதற்காகப் போராடுகிறார்கள். வழக்கம், வழக்கம் என்று காட்டப்படும் 'வாஜிப்-உல்-அர்ஸ்' வருவாய்த் துறைப் பதிவேடு. மலை தானாக எழுதியது இல்லை. விற்பனைக்கென்று பட்டாணி வந்தபோது வழக்கம் கெடவில்லை. சாலை வந்தபோதும், சுற்றுலா வந்தபோதும் கெடவில்லை. மகள் பங்கு கேட்டால் மட்டும் கெட்டுவிடுமாம்.

இன்னொரு வாதம்: வெளியில் கல்யாணம் செய்துகொள்ளும் மகளால் நிலம் வெளியாருக்குப் போய்விடும். பழங்குடியினர் நிலம் மற்றவர்களுக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்த 1968இலேயே மாநிலச் சட்டம் இருக்கிறது. போதாவிட்டால் அதை இறுக்குங்கள். நிலத்துக்கு வேலியாக மகளை நிறுத்தாதீர்கள். விற்கத் துணியும் மகனைப் பற்றி இந்தப் பயம் ஏன் எழுவதில்லை?

இதற்கு அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. மத்திய அரசு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டால் விலக்கு நீங்கும் என்று அதே 2(2) பிரிவு சொல்கிறது. சட்டத் திருத்தம் பற்றி யோசிக்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசிடம் சொன்னது. அந்த மலைப் பெண்கள் சில ஆயிரம் ஓட்டுகள்தான் என்பதால் டில்லிக்கு அவசரமில்லை. அவசரப்படுத்துகிறவர்களில், அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர்கள் அடுப்பில் குளிர்காய்ந்து, திரும்பி வந்து சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நாமும் இருக்க வேண்டும்.