மும்பை போறீங்களா? வாடகையை மட்டும் கணக்குப் போடாதீங்க

வேலை கிடைத்து மும்பை கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, ‘செம்பூரில் வாடகை எவ்வளவு, மாட்டுங்காவில் எவ்வளவு?’ என்றுதான். ஆனால், அதைவிட முதலில் கையைக் கடிப்பது குடியேறும் செலவு.

ஒரு கணக்கு பாருங்க. மாத வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத டெபாசிட் 60,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 20,000. முதல் மாத வாடகை 20,000. முதல் சம்பளம் வரும் முன்பே 1 லட்சம் ரூபாய் வேண்டும். 11 மாத ஒப்பந்தம் முடிந்து வீடு மாறினால் புரோக்கர் செலவு மறுபடியும் வரும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது, 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. டெபாசிட் தொகை அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்க.

இவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு இடம் கொடுத்தது தாராவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த பலர் தலைமுறைகளாக முதலில் தங்கியது அங்கேதான்: சொந்தக்காரர் வீட்டு மாடியில், நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த அறையில்.

அந்த மாடிகளுக்குத்தான் இப்போது சிக்கல். அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் சேர்ந்து நடத்தும் சீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீடுகளுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான், அதுவும் பணம் கட்டி. 2022 நவம்பர் 15-க்குப் பிறகு வந்தவர்கள் கணக்கிலேயே இல்லை.

மாடி அறைகள் இடிந்தால், அடுத்து ரயிலேறி வருகிறவர் அந்த 1 லட்சத்தோடுதான் வந்து இறங்க வேண்டியிருக்கும்.