கொன்றவன் பெயர் தெரியும், செத்தவள் பெயர்?

நாற்பது வருடமாக க்ரைம் நாவல் படிக்கிறவன் நான். அதை யாரிடமும் மறைத்ததில்லை. வேலைக்குப் போய்வந்த காலத்தில் பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் பாக்கெட் நாவல் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினால், இறங்குவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று படித்ததற்குக் கணக்கே இல்லை. இதெல்லாம் படித்தால் புத்தி கெட்டுவிடும் என்றவர்களோடு அப்போதும் சண்டை போட்டேன், இப்போதும் போடுவேன். கதையில் சாகிறவர் காகிதத்தில் பிறந்தவர். அவருக்காக அழுகிற தாய் எந்த ஊரிலும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் உண்மைக் கொலைகளைப் பற்றிய புத்தகங்கள் பக்கம் போனேன். இப்போது என் சண்டை அவற்றோடு. பாதி என்னோடும்தான்.

ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, 1888-இல் லண்டன் வொயிட்சாப்பலில் நடந்த 'ஜாக் தி ரிப்பர்' கொலைகளை என் மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்தி, இருட்டுச் சந்து, போலீஸ் சந்தேகப்பட்டவர்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், "செத்துப்போனவளுக்குப் பிள்ளைங்க இருந்துச்சாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியவில்லை. மூன்று புத்தகம் படித்திருந்தேன்.

அப்புறம் தேடிப் படித்தேன். முதலில் செத்தவள் மேரி ஆன் நிக்கல்ஸ். அச்சகத் தொழிலாளியின் மனைவி, ஐந்து பிள்ளைகளின் தாய். படுக்கைக்கு நாலு பென்ஸ் இல்லாததால் சத்திரத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். அடுத்தவள் ஆனி சாப்மன், வண்டியோட்டியின் மனைவி, மூளைக் காய்ச்சலுக்கு ஒரு மகளைப் பறிகொடுத்தவள். எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடனிலிருந்து பிழைக்க வந்தவள். கேத்தரின் எட்டோஸ் கென்ட் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் லண்டன் திரும்பியிருந்தாள். கடைசியாக மேரி ஜேன் கெல்லி, வயது இருபத்தைந்து இருக்கலாம். ஐந்து பேரையும் 'விலைமாதர்' என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்கள். அவர்களில் மூவர் அந்தத் தொழில் செய்ததற்கு ஆதாரமே இல்லை என்று ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-இல் 'தி ஃபைவ்' என்ற புத்தகத்தில் வாதிட்டிருக்கிறார். செய்திருந்தால்தான் என்ன? அதற்காகக் கழுத்தை அறுக்கலாமா?

"கொலைகாரனின் மனசைப் புரிந்துகொள்ளத்தான் படிக்கிறோம்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஐயா, இந்தக் கொலைகாரன் யார் என்றே இதுவரை யாருக்கும் தெரியாது! இல்லாத ஆளின் மனசை நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாகத் துருவிக்கொண்டிருக்கிறோம். இருந்த ஐந்து பேரின் வாழ்க்கையோ ஏழை விடுதிப் பதிவேட்டிலும் மரண விசாரணைக் குறிப்பிலும் தூங்கிக்கொண்டிருந்தது. 2015-இல் அந்த வட்டாரத்தில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அனுமதி வாங்கியது பெண்களின் வரலாற்றுக்கு. திறந்தது ரிப்பர் பெயரில். பெண்கள் ஊர்வலமாக வந்து சண்டை போட்டது நியாயம்தானே?

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சமாசாரம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆட்டோ சங்கரை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிறையில் அவன் எழுதிய வாழ்க்கைக் கதையை 'நக்கீரன்' வெளியிடலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994-இல் தீர்ப்பு. மிகச் சரியான தீர்ப்பு. எதையும் தடை செய் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். 1995-இல் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அவன் பட்டப்பெயர், ஓட்டிய ஆட்டோ, செல்வாக்கு எல்லாம் இன்றும் டீக்கடையில் பேசுகிறோம். கொலையுண்டவர்கள் ஆறு பேர். ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். அவர்கள் வீட்டில் இன்றும் யாரோ திதி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

எல்லாப் புத்தகமும் மோசம் என்று சொல்லவில்லை. போலீஸ் எங்கே கோட்டைவிட்டது, ஏழை கொடுத்த புகாரை ஏன் யாரும் வாங்கவில்லை என்று கேட்கிற புத்தகங்களும் உண்டு. அவற்றால் ஊருக்கு நன்மை. நான் சொல்வது மற்றவற்றை. அட்டையில் கொலைகாரன் முகம், உள்ளே அவன் குழந்தைப் பருவத்துக்கு நாற்பது பக்கம், செத்தவளுக்கு அவள் உடல் கிடந்த விதம் மட்டும். அவளை ஒருமுறை கொன்றது அவன். பக்கம் பக்கமாகக் கிடத்தி வேடிக்கை காட்டுவது எழுதினவர். காசு கொடுத்துப் பார்த்தது நான்.

நாவல்களை நான் விடப்போவதில்லை. உண்மைக் கொலைப் புத்தகம் கையில் எடுத்தால் மட்டும் இப்போது ஒன்று பார்க்கிறேன்: செத்தவர் முதன்முதலில் எந்தப் பக்கத்தில் வருகிறார்? உயிரோடு வருகிறாரா, பிணமாகவா? பிணமாக வந்தால் மூடி வைத்துவிடுகிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்று இருந்தால், எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.