எதிர்த்துப் பேசுகிறவரின் செலவு யார் தலையில்?

மின் கட்டணம் கூடினால் நமது கடைத்தெருவில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இரண்டு நாள் திட்டுவோம். மூன்றாம் நாள் சாமான் விலையில் ஐந்து பத்தைக் கூட்டுவோம். அதற்கும் வியாபாரம் படுத்தால் இரண்டு குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றை நிறுத்தி விடுவோம். அத்தோடு விஷயம் முடிந்தது. ஆனால் அந்தக் கட்டணம் தீர்மானமாவதற்கு முன்னர், "இதில் உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா?" என்று நம்மிடமும் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. அந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லியிருக்கிறோம்?

2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணத்தை மாற்றும் யோசனை அங்கேதான் போகிறது. ஆணைக்குழு அதைப் பகிரங்கப்படுத்தி, எழுத்து மூலமும் நேரிலும் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பின்னரே முடிவு சொல்கிறது.

இதெல்லாம் கண்துடைப்பு என்று முன்னர் நானும் நினைத்ததுண்டு. 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூடியபோது வேறு எப்படி நினைப்பது? ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2024 டிசம்பரில் மின்சார சபை, அடுத்த ஆறு மாதங்களுக்குக் கட்டணத்தில் மாற்றம் தேவையில்லை என்று சொன்னது. ஆணைக்குழு மாகாணம் மாகாணமாகக் கருத்துக் கேட்டது, கணக்கைப் பார்த்தது, 2025 ஜனவரி 17 இல் சராசரியாக 20 சதவீதத்தைக் குறைத்தது. 2025 ஜூனில் சபை கேட்டது 18.3 சதவீதம், கிடைத்தது 15. அதே ஆண்டு ஒக்டோபரில் 6.8 சதவீதம் கேட்டதற்கு, முடியாது என்றே பதில் வந்தது. வகைக்கு வகை வீதம் வேறுபடும் என்றாலும், ஒரு பேச்சுக்கு மாதம் 50,000 ரூபா கட்டுகிற அரைக்கும் மில்காரருக்கு 20 சதவீதம் என்பது 10,000 ரூபா. ஒரு வேலையாளின் சம்பளத்தில் ஒரு பகுதி அதில் அடங்கிவிடும்.

ஆகவே அங்கே போய்ப் பேசுவதில் பயன் உண்டு. ஆனால் பேசப் போகிறவரின் நிலை என்ன?

ஒருமுறை நானும் முயன்று பார்த்தேன். அறிவித்தலைக் கண்டதும் மகனிடம் சொல்லி அந்த யோசனை ஆவணத்தைப் பிரதி எடுக்கச் சொன்னேன். முப்பது வருடம் இன்வொய்ஸ் பார்த்த கண், எந்தக் கணக்கிலும் ஓட்டை இருந்தால் அகப்பட்டுவிடும் என்ற தைரியம் எனக்கு. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மழை எவ்வளவு பெய்யும், நீர்த்தேக்கத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், நிலக்கரி என்ன விலைக்கு வரும், டீசல் எவ்வளவு எரியும், கடனுக்கு வட்டி எவ்வளவு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அனுமானங்கள். மழையைக் குறைத்துச் சொன்னால் டீசல் கூடும். டீசல் கூடினால் கட்டணம் கூடும். விஷயம் எங்கே இருக்கிறது என்று புரிகிறது, ஆனால் அந்த மழைக் கணக்குச் சரியா பிழையா என்று சொல்ல எனக்கு அறிவு போதாது.

தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் காட்டினேன். "ஹாஜியார், இதை ஒழுங்காகப் பார்க்க ஒரு கிழமை வேண்டும். மின்சாரம் தெரிந்த பொறியியலாளர் ஒருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்றார். கட்டணத்தையும் சொன்னார். அவர் கேட்டது நியாயம்தான், ஆனால் ஒரு கடைக்காரன் தனியாகத் தாங்கக்கூடிய தொகை அல்ல. பக்கத்துக் கடைத் தம்பியிடம் பங்கு கேட்டேன். "நானா, நீங்க போய்ப் பேசிக் குறைச்சா எனக்கும் குறையும்தானே. அதுக்கு நான் ஏன் காசு தர?" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொன்னாலும் அவர் சொன்னதில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. ஒருவர் செலவழித்தால் ஊருக்கே லாபம். ஆகவே யாரும் செலவழிப்பதில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். கட்டணத்தைக் கூட்டக் கேட்கிற நிறுவனத்தின் பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி எல்லோருக்கும் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? நாம் கட்டுகிற பட்டியலிலிருந்து. கூட்டுவதற்கு வாதாடுகிறவருக்கு நாம் கூலி கொடுக்கிறோம்; கூட்டாதே என்று வாதாடுகிறவர் தன் சட்டைப் பையிலிருந்து செலவழிக்க வேண்டும். இது தராசின் ஒரு தட்டில் மட்டும் படி போடுவது போன்றது.

யாழ்ப்பாணத்தார் மறக்க முடியாத உதாரணம் ஒன்றும் உண்டு. சுன்னாகத்தில் தனியார் அனல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாமற் போனது. உள்ளூரில் பலர் போராடினார்கள். 2015 இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்தவர், சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர குணவர்தன காரியவசம். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக அந்தக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். இது கட்டண வழக்கு அல்ல. ஆனால் மின்சாரத்தின் பெயரால் பொதுமக்களுக்கு வந்த தீங்கைப் பொதுநல மனு ஒன்று நீதிமன்றத்தின் முன் வைத்த வழக்கு. அந்த 2 கோடி கிணற்றுக்காரர்களுக்கு உரியது. அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது சரி. அப்படியென்றால் நான்கு வருடம் ஒரு வழக்கைக் கொண்டு நடத்துகிற செலவு எங்கிருந்து வருவது? ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல மனிதர் கிடைப்பார் என்று நாடு நம்பியிருக்க முடியுமா?

வேறு நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1984 முதல் சட்டமே இருக்கிறது. மின்சாரம், எரிவாயு போன்ற கட்டண விசாரணையில் நுகர்வோர் பக்கம் நின்று வாதாடுகிற அமைப்பு, ஆணைக்குழுவின் முடிவுக்குத் தன் வாதம் உண்மையாகவே உதவியது என்று காட்ட வேண்டும். செலவைத் தானே தாங்கினால் பெரும் சிரமம் என்றும் காட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால் சட்டத்தரணிக்கும் நிபுணருக்கும் ஆன நியாயமான செலவை அந்த மின் கம்பனியே கொடுக்க வேண்டும். 1973 இல் தொடங்கிய டேர்ன் என்ற நுகர்வோர் அமைப்பு அங்கே இவ்வாறுதான் நின்று பிடிக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில் 1988 இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், விசாரணைக்கு முன்னரே பணம் கொடுக்க வழி செய்தது. 1996 இல் அச்சட்டம் காலாவதியானாலும், விசாரணை முடிந்த பின் செலவு வழங்கும் முறை அங்கே தொடர்கிறது.

இந்தியாவில் 2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 94 ஆம் பிரிவு, நுகர்வோர் சார்பில் பேச ஒருவருக்கு ஆணைக்குழு அதிகாரம் கொடுக்கலாம் என்கிறது. அதன்படி மகாராஷ்டிர ஆணைக்குழு பூனாவின் பிரயாஸ் போன்ற அமைப்புகளை அங்கீகரித்தது. நமது 2002 சட்டத்தில் நுகர்வோர் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது, நல்லது. ஆனால் ஆலோசனை சொல்வது வேறு, எதிர்த்தரப்பின் கணக்கைப் பிரித்து வைத்து வாதாடுவது வேறு.

இதை ஒரு நாள் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மௌலவி ஒருவர் நல்லதொரு விஷயத்தைச் சொன்னார். இமாம் மாவர்தி தமது 'அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் சந்தையைக் கண்காணிக்கிற முஹ்தஸிபைப் பற்றி எழுதும்போது, நியமிக்கப்பட்ட முஹ்தஸிபையும் தானாக முன்வந்து நன்மையை ஏவுகிறவரையும் பிரித்துக் காட்டுகிறார். நியமனம் பெற்றவர் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் எடுக்கலாம். தானாக வந்தவர் எடுக்க முடியாது. "அப்படியென்றால் உங்கள் யோசனை சரிவராதே" என்று கேட்டார் அருகில் இருந்தவர். எனக்கு மறுபக்கம்தான் பட்டது. சந்தையில் நீதி பார்க்கிற வேலைக்குப் பொதுப் பணத்திலிருந்து கூலி கொடுப்பது நமக்குப் புதிதல்ல. வருகிறவனுக்கெல்லாம் காசு கொடு என்று நான் கேட்கவில்லை. முதலில் ஆணைக்குழு ஆளைப் பார்த்து அங்கீகரிக்கட்டும், பிறகு கொடுக்கட்டும். இந்தியச் சட்டத்தின் அங்கீகாரத்தையும் கலிபோர்னியாவின் கொடுப்பனவையும் சேர்த்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

ஆட்சேபங்கள் உண்டு. கம்பனி கொடுக்கிற பணம் கடைசியில் நமது பட்டியலில்தானே வந்து விழும் என்பார்கள். விழும்தான். கலிபோர்னியாவிலும் அப்படித்தான். ஆனால் எதிர்த்தரப்பின் சட்டத்தரணிக்கு ஏற்கெனவே அதே பட்டியலில்தானே கட்டுகிறோம்! இன்னொன்று, ஆட்சேபம் சொல்வதையே தொழிலாகக் கொள்கிறவர்கள் கிளம்பி விடுவார்கள் என்பது. இந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் வாதம் பயன்பட்டதா என்று முடிவுக்குப் பின் அளந்து கொடுக்க வேண்டும் என்கிறேன். பணத்தையும் மின் நிறுவனத்தின் கையால் வாங்கக்கூடாது. உரிமம் பெற்ற நிறுவனங்களிடம் அறவிடுகிற கட்டணத்திலிருந்து ஆணைக்குழுவே கொடுக்க வேண்டும். யாரை எதிர்த்துப் பேசுகிறோமோ அவரிடமே கை நீட்டினால் குரல் தாழ்ந்துவிடும்.

பின்னர்தான் கொடுப்போம் என்றால் சிறியவர்கள் காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. குறித்த காலத்துக்குள் கொடுப்பனவை முடிவு செய்வதில்லை என்று 2013 இல் கலிபோர்னியாவின் கணக்காய்வாளரே அங்குள்ள ஆணைக்குழுவைக் குறை கூறினார். ஒரு சிறு பகுதியை முற்பணமாகக் கொடுக்கும் ஒன்டாரியோவின் பழைய முறை இதற்கு மருந்தாகலாம்.

ஆணைக்குழுவே நமக்காகப் பேசும்தானே என்று சும்மா இருக்கவும் முடியாது. 2023 இல் கட்டண உயர்வை எதிர்த்த அதன் தலைவர் ஜனக ரத்நாயக்கவை அந்த ஆண்டு மே 24 ஆம் திகதி பாராளுமன்றம் 123 க்கு 77 என்ற வாக்கில் பதவி நீக்கியது. அவர் செய்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். நீதிபதியின் ஆசனத்தில் இருப்பவரையே வழக்கறிஞராகவும் எதிர்பார்த்தால் இதுதான் நடக்கும். இப்போது மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கிற சட்டம் 2024 இல் வந்து, 2025 இல் திருத்தப்பட்டிருக்கிறது. கம்பனி கூடக் கூட ஆவணமும் கூடும். படித்துப் பார்க்க ஆளும் கூட வேண்டும்.

சட்டம் மாறும் வரை என்ன செய்வது? கணக்காளர் சொன்ன தொகையை நமது வர்த்தகர் சங்க உறுப்பினர் எண்ணிக்கையால் பிரித்துப் பார்த்தேன். ஒரு கடை வேலையாட்களுக்கு இரண்டு நாள் பிளேன்டீயும் வடையும் வாங்குகிற செலவுதான் வந்தது. சுன்னாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை வியாபாரிகளும் சேர்ந்தால் அதிலும் குறையும். மின்மானிக்கு முஸ்லிம், தமிழர் என்ற பேதம் கிடையாது. அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். கூடவே, அங்கீகாரமும் செலவு மீளளிப்பும் கேட்டு ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதமும் தயாராக இருக்கிறது. பக்கத்துக் கடைத் தம்பியிடம் முதல் கையெழுத்து வாங்குவதாக உத்தேசம்.