ஆடுகிறவர்களும் ஆட்டுவிக்கிறவர்களும்

அமெரிக்கர்கள் ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். அதற்குக் கால்பந்து என்று பெயர். ஆனால் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பந்தாவது உருண்டையாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. இரு முனையும் கூராக, மாங்கொட்டைக்குத் தமையன்போல் இருக்கிறது. தலைக்கவசமும் தோட்கவசமும் தரித்த பதினொரு பேர் மற்றப் பதினொரு பேரின் மேல் விழுந்து புரளுவதை நம் வீட்டுப் பெரியவர்கள் பார்த்தால், “யாராவது போய்ப் போலீஸைக் கூப்பிடுங்கள்” என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நாம் இன்று சொல்ல வந்தது விழுந்து புரளுகிறவர்களைப் பற்றியன்று. மைதானத்தின் ஓரத்திலே நின்றுகொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பற்றி. அவருக்குத் தலைமைப் பயிற்சியாளர் என்று பெயர். யார் ஆடுவது, எப்போது பந்தை எறிவது, எப்போது ஓடுவது என்பதெல்லாம் அவர் உத்தரவு. படைக்குச் சேனாதிபதி எப்படியோ, கோஷ்டிக்கு அவர் அப்படி. அந்த ஸ்தானத்திலே கறுப்பு இனத்தார் ஒருவர் நிற்பதற்கு அந்தத் தேசத்தில் நடந்த போராட்டம் ஒரு தனிச் சரித்திரம்.

* * *

இன்று நேஷனல் புட்பால் லீக் என்று வழங்கும் சங்கம் 1920-ம் வருஷத்தில் ஏற்பட்டது. ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரக் கோஷ்டிதான் முதல் வருஷத்து வெற்றி வீரர்கள். அந்தக் கோஷ்டியின் உயிர்நாடி பிரிட்ஸ் போலார்டு என்ற கறுப்பு இனத்து இளைஞர். ஆள் சிறியவர், ஓட்டமோ மின்னல். அடுத்த வருஷமே, 1921-ல், அவர் ஆடிக்கொண்டே கோஷ்டிக்குப் பயிற்சியும் அளிக்கலானார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பாடகர் பால் ரோப்ஸன் அவ்வருஷம் அதே கோஷ்டியில் ஆடினார்.

கோஷ்டிக்கே தலைவர், ஆனால் சகாக்களுடன் ஒரே அறையில் உடை மாற்றிக்கொள்ள அவருக்கு இடமில்லை. முதலாளியின் சுருட்டுக் கடையில் உடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வருவாராம். கீழே விழுந்தால், எதிரிகள் வேண்டுமென்றே மேலே குதித்து மிதிக்காதிருக்க, மல்லாந்து உருண்டு பூட்ஸ் ஆணிகளை ஆகாயத்தை நோக்கி நீட்டிக்கொள்வாராம். புத்தியின் கூர்மைக்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். 1933-ம் வருஷப் பந்தயங்கள் முடிந்ததும் கறுப்பு இனத்தார் அந்தச் சங்கத்திலிருந்தே மறைந்து போனார்கள். சட்டம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்தை எதிர்த்து யார் வாதாடுவது? பன்னிரண்டு வருஷம் இப்படிக் கழிந்தது. 1946-ல் ஒரு கோஷ்டி லாஸ் ஏஞ்ஜெல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தபோது, பொதுஜனப் பணத்தில் கட்டிய அவ்வூர் மைதானம் அதற்குத் தேவையாயிருந்தது. “பொதுப் பணம் எங்களுடைய பணமும் அல்லவா?” என்று கறுப்பு இனத்துப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோடு என்ற இருவருக்கு அவ்வருஷம் கதவு திறந்தது.

* * *

ஆடுவதற்குக் கதவு திறந்தது, ஆட்டுவிப்பதற்குத் திறந்ததா? இல்லை. போலார்டுக்குப் பின் அடுத்த கறுப்பு இனத்துத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல். அவர் நியமனம் பெற்றது 1989 அக்டோபரில். இடையில் ஓடிப்போன வருஷங்கள் அறுபத்தெட்டு!

ஏன் இந்தத் தாமதம்? காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அவர்களுக்கு உடல் பலம் உண்டு; யோசனை சொல்லும் மூளை நம்முடையது” என்பதுதான் மனத்தின் அடியில் கிடந்த எண்ணம். டோனி டஞ்ஜியின் கதையைக் கேளுங்கள். கலாசாலையில் அவர் ‘குவார்ட்டர்பாக்’. அதாவது மைதானத்தில் நின்று ஆட்டத்தை நடத்திச் செல்லுபவர். 1977-ல் தொழில்முறைக் கோஷ்டி எதுவும் அவரை அந்த ஸ்தானத்துக்குத் தேர்ந்தெடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் கோஷ்டியார் அவரைச் சேர்த்துக்கொண்டு, எதிரியைத் தடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். 1981-ல் உதவிப் பயிற்சியாளர் ஆனவர், தலைமை ஸ்தானத்தை அடைய 1996 வரையில் காத்திருந்தார்.

பெற்றதைத் தக்கவைத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம். ஆர்ட் ஷெல் 54 பந்தயங்களில் வென்று 38-ல் தோற்றவர். 1994-ம் வருஷப் பந்தயங்கள் முடிந்ததும் வேலை போயிற்று. பதினொரு வருஷம் வேறெந்தக் கோஷ்டியும் அவரைத் தலைமைக்கு அழைக்கவில்லை. பத்து வருஷங்களில் எட்டு வருஷம் மின்னெஸோட்டா கோஷ்டியை இறுதிச் சுற்றுகளுக்குக் கொண்டுபோன டென்னிஸ் கிரீன், தோல்வி மிஞ்சிய ஒரே ஒரு வருஷத்தோடு விலக நேர்ந்தது. தாம்பா கோஷ்டியைத் தூக்கி நிறுத்திய டஞ்ஜிக்கும் 2002 ஜனவரியில் விடை கொடுத்தார்கள்.

அப்போதுதான் ஜானி காக்ரன், சைரஸ் மெஹ்ரி என்ற இரண்டு வக்கீல்கள் கணக்கைக் கையில் எடுத்தார்கள். கறுப்பு இனத்துப் பயிற்சியாளர்கள் சராசரியில் அதிக வெற்றி தேடித் தந்தும், குறைந்த சந்தர்ப்பமே பெறுகிறார்கள் என்று அறிக்கை வெளியிட்டார்கள். பிட்ஸ்பர்க் கோஷ்டியின் டான் ரூனி தலைமையில் ஆலோசனை நடந்தது. 2003-ல் ‘ரூனி விதி’ அமுலுக்கு வந்தது. தலைமை ஸ்தானம் காலியானால் சிறுபான்மை இனத்தார் ஒருவரையாவது பேட்டி காண வேண்டும் என்பதே அப்போதைய விதி. அதே வருஷம் பேட்டி காணாமலே ஆளை நியமித்த டெட்ராயிட் கோஷ்டித் தலைவருக்கு 2 லக்ஷம் டாலர் அபராதம் விழுந்தது.

2007 பிப்ரவரி 4-ம் தேதி மயாமியில், கொட்டும் மழையில், ‘சூப்பர் பௌல்’ என்னும் மகா பந்தயம் நடந்தது. ஒரு பக்கம் டஞ்ஜி. எதிர்ப்பக்கம் முன்பு அவரிடமே உதவியாளராயிருந்த லவ்வி ஸ்மித். யார் ஜயித்தாலும் சரித்திரம்! டஞ்ஜியின் கோஷ்டி 29-க்கு 17 என்று வென்றது.

* * *

“அப்படியானால் கதை சுபமாக முடிந்தது” என்று நேயர்கள் எழுந்துவிட வேண்டாம். 2022 பிப்ரவரியில் பிரையன் புளோரெஸ் என்ற பயிற்சியாளர் வழக்குத் தொடுத்தார். நியூயார்க் ஜையண்ட்ஸ் கோஷ்டியார் அவரைப் பேட்டிக்கு அழைத்திருந்தார்கள். பேட்டிக்கு மூன்று நாள் முன்பே, வேறொரு பிரபல பயிற்சியாளர் “வேலை உமக்கே” என்ற பொருளில் வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டார். ஆனால் அது மற்றொரு பிரையனுக்குப் போகவேண்டிய வாழ்த்து! பெயர் ஒன்றானதால் வந்த பிசகு. ஆளை முன்னமே தீர்மானித்துவிட்டுத் தம்மைப் பேருக்கு அழைத்தார்கள் என்பது புளோரெஸின் வாதம். கோஷ்டியார் அதை மறுத்தார்கள்.

வழக்கின் நியாயத்தை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்குத் தோன்றுவது ஒன்று. வாசலில் நின்று “வாருங்கள், வாருங்கள்” என்று சந்தனம் கொடுத்துவிட்டு, உள்ளே இலையை வேறொருவருக்குப் போட்டிருக்கும் கல்யாண வீடுகள் உண்டு. அழைக்கும்படி சட்டம் செய்யலாம். இலை போடும் மனத்தைச் சட்டம் செய்ய முடியாது.

ஆகையால் விதி வீணா? அதுவும் இல்லை. ரூனியின் குடும்பத்தார் 2007-ல் மைக் டாம்லின் என்ற கறுப்பு இனத்து இளைஞரைத் தலைமைக்கு நியமித்தார்கள். இரண்டாவது வருஷமே மகா பந்தயத்தை வென்றார். 2024 வரையில் பதினெட்டு வருஷங்களில் ஒரு வருஷத்திலேனும் தோல்விகள் வெற்றிகளை மிஞ்சியதில்லை. அங்கேயும் மகா பந்தயம் எட்டாத வருஷங்கள் பல உண்டு. அதற்காக யாரும் அவரை அவசரமாக வெளியே அனுப்பிவிடவில்லை. மற்றொரு பக்கம், ஒரே வருஷத்தில் அனுப்பப்பட்டவர்களையும் பாருங்கள்: 2018-ல் அரிஸோனாவில் ஸ்டீவ் வில்க்ஸ், 2021-ல் ஹூஸ்டனில் டேவிட் கல்லி, அடுத்த வருஷம் அதே ஊரில் லவ்வி ஸ்மித், 2024-ல் நியூ இங்கிலாந்தில் ஜெராட் மேயோ.

முதல் மனிதர் நியமனம் பெற்ற அன்று பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். ஆனால் சமத்துவத்துக்கு உரைகல் வெற்றியன்று. ஜயிக்கிறவனை எந்த நிறமானாலும் தோளில் தூக்கிக்கொள்வார்கள். தோற்ற வருஷத்திலும், “போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று சொல்லக் கேட்கும் உரிமை இருக்கிறதே, அது எல்லா நிறத்தாருக்கும் ஒன்றுபோல் கிடைக்க வேண்டும். சுருட்டுக் கடையில் உடை மாற்றிக்கொண்ட பிரிட்ஸ் போலார்டு 1986-ல் காலமானார். கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005-ல். மண்டபத்தில் இடம் கொடுப்பது சுலபம். மைதானத்தின் ஓரத்தில் இடம் கொடுத்து, அங்கே பொறுமையோடு நிற்கவிடுவதுதான் கஷ்டம்.