சமாளிப்பும் துல்லியமும்

மாங்குளம் சந்தியிலிருந்து மேற்கே செல்லும் வீதியில் இருக்கிறது மல்லாவி. 1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த மக்களில் பலருக்கு அடைக்கலம் தந்த ஊர். அண்மையில் அங்கே ஓர் இளைஞர், வீட்டு விறாந்தையில் இயந்திரக் கை ஒன்றைச் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பழைய அச்சுப்பொறிகளில் கழற்றிய மோட்டார்கள், அலுமினியத் துண்டுகள், ஓர் ஆர்டுயினோ பலகை. போரில் இரு கைகளையும் இழந்த உறவினர் ஒருவருக்கு உணவூட்டுவதற்காகச் செய்கிறாராம்.

கை அசைந்தது. ஆனால் கரண்டி ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் போய் நின்றது.

“பற்சில்லில ஆட்டம் இருக்கு ஐயா. ஒவ்வொரு மூட்டிலயும் கொஞ்சம் கொஞ்சம்” என்றார்.

அந்தக் கொஞ்சம் எவ்வளவு? 50 சென்ரிமீற்றர் நீளமான கையின் தோள்மூட்டு ஒரு பாகை பிசகினால் நுனி ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் விலகும். வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி 1.8 பாகை. நேரடியாகப் பூட்டினால் ஒரு முழுப்படிக்கே நுனி ஒன்றரைச் சென்ரிமீற்றர் தாவும். பற்சில்லுகளைப் பூட்டினால் படி சிறிதாகும். ஆனால் பற்களுக்கிடையிலான இடைவெளி புதிய பிழையாக வந்து சேரும். போதாக்குறைக்குக் கையின் சொந்தப் பாரமே அதனை வளைக்கும். முழங்கையின் பிழை தோளின் பிழையோடு கூடும். வாய்க்குப் போகவேண்டிய சோறு நாடியில் படும்.

இது செய்ய முடியாத காரியமன்று. ஜப்பானின் சேகொம் நிறுவனம் 2002 இலேயே உணவூட்டும் இயந்திரக் கை ஒன்றை விற்பனைக்கு விட்டது.

எம்மவரின் கெட்டித்தனத்தில் எனக்கு ஐயமில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அந்தப் பெருமையைப் பேசிப்பேசியே ஒன்றை மறந்துவிட்டோம். வண்டி ஓடினால் போதும் என்பது சமாளிப்பு. துல்லியமோ ‘போதும்’ என்ற சொல்லை எளிதில் ஏற்காது. அளந்து, பிழையைக் குறித்து, திருத்தி, மீண்டும் அளக்கச் சொல்லும்.

அளப்பதற்கு எம் பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது? நூறில் ஒரு மில்லிமீற்றர்வரை அளக்கும் நுண்மானித் திருகுக்கணிச்சியை உயர்தரப் பௌதிகவியலில் படிக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அதை மீண்டும் தொடுவோர் சிலரே. மல்லாவி இளைஞரிடம் இருந்தது பாடசாலை அடிமட்டம் ஒன்றே. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் உள்ளன. ஆனால் அங்குள்ள கருவிகள் அங்கே படிப்போருக்கானவை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வளைவும் மண்டபமும் கட்டிக் கொடுக்கிறீர்கள், நன்று. அடுத்த முறை ஒரு சிறு பொதுப் பட்டறையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு லேத், ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி, நல்ல அளவுகருவிகள், மாலையில் கதவைத் திறந்து வைக்க ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர் ஒருவர். இவ்வளவுதான் தேவை.

அந்த இளைஞரிடம் அறிவும் உண்டு, காரணமும் உண்டு. அவருக்கும் அந்த உறவினரின் வாய்க்கும் இடையே நிற்பது சில மில்லிமீற்றர்களே.