காசுக்கு ஒரு வாயில், பிறந்தவனுக்கு ஒரு வாயிலா?

ஓய்வுபெற்ற செல்வரைத் தம்பால் ஈர்ப்பதற்கு உலகின் பல அரசுகள் இன்று போட்டியிடுகின்றன. போர்த்துக்கல் 2009இல் புதிய வதிவாளருக்கு வரிச்சலுகை வகுத்தது. அயல்நாட்டு ஓய்வூதியத்துக்குப் பல ஆண்டுகள் வரியே கேளாதிருந்து, 2020இல் 10 வீதம் விதித்தது. கிரேக்கமோ அதே ஆண்டில் 7 வீதம் போதுமென்றது.

இலங்கை அரசும் இச்சந்தையிற் கடை விரித்தது. 55 வயது கடந்த அந்நியர் 15,000 டொலரை வங்கியில் வைப்பிலிட்டு, மாதந்தோறும் 1,500 டொலர் தருவித்தால் இங்கு வாழலாம் என்றது ‘எனது கனவு இல்லம்’ திட்டம். நாடு கடனில் மூழ்கிய 2022இல், ஓர் இலட்சம் டொலர் வைப்பிலிடுவோருக்குப் பத்தாண்டு விசா வழங்க அமைச்சரவை இணங்கிற்று. விருந்தினர் வருவதை நாம் வெறுக்கவில்லை. வந்தாரை வாழவைத்த மண் எமது மண். ஆயின், அம்மண்ணிற் பிறந்தவன் திரும்பி வரும்போது அரசு எம்முகம் காட்டுகிறது என்பதே எமது கேள்வி.

1990இல் உயிருக்கு அஞ்சி, தலைமன்னார்க் கரையிலும் பேசாலைக் கரையிலும் படகேறி இராமேசுவரம் சென்றவர் ஆயிரம் ஆயிரம். குண்டுக்கு நடுவே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க எவருக்கு நேரமிருந்தது? எனினும் 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர், அன்று முறையான ஆவணமின்றி நாட்டைவிட்டு நீங்கினார் என்ற குற்றச்சாட்டில் பலாலி விமான நிலையத்திற் கைதுசெய்யப்பட்டார். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் அகதியையும் கள்ளக்கடத்தற்காரனையும் ஒரே தராசில் நிறுக்கின்றது. இது நீதியாகுமா?

மேலைநாடு சென்றவன் நிலையும் வேறன்று. அந்நாட்டுக் குடியுரிமையை ஏற்ற அன்றே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி அவன் இங்கு அந்நியனாகிறான். 1987ஆம் ஆண்டுத் திருத்தம் இரட்டைப் பிரசாவுரிமைக்கு வழி திறந்ததாயினும், அது உரிமையன்று. அமைச்சர் மனம் வைத்தால் கிட்டும் சலுகை. அவ்வுரிமை இல்லாதவன் 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன் ஊரில் ஒரு பரப்புக் காணியும் விலைக்கு வாங்க முடியாது.

“நாட்டுக்கு டொலர் வேண்டும்” என்பர் ஆட்சியாளர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உழைத்து ஓய்ந்த எம்மவரின் ஓய்வூதியம் டொலரன்றோ? அவர்கள் வரிச்சலுகை கேட்கவில்லை. வரும் வழியையே கேட்கின்றனர். கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி விதைக்கும் எமது கமக்காரன், கடையில் வாங்கும் பொருள்களுக்கு 2024 முதல் 18 வீதப் பெறுமதிசேர் வரி இறுக்குகிறான். வரிச்சலுகை என்று ஒன்று இருக்குமாயின் முதல் உரிமை அவனுடையதே.

எனவே நாம் கோருவது இதுவே: போரினால் வெளியேறியோரைக் குற்றவாளியாக்கும் விதி திருத்தப்படுக, அவர்க்கும் அவர்தம் மக்களுக்கும் பிரசாவுரிமை உரிமையாகவே மீள்க, 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்களின் மீள்குடியேற்றம் முழுமை பெறுக, 2007இல் மக்களை இழந்த முள்ளிக்குளத்தின் காணிகள் எஞ்சாது உரியோரிடம் சேர்க.

சட்டம் கற்ற அன்பர்கள் திரும்பி வருவோரின் மனுக்களை ஊதியம் கருதாது எழுதிக் கொடுக்க முன்வருக. கமக்காரத் தோழர்கள், ஊரை விட்டுச் சென்றோரின் எல்லைக் கற்களைப் பேணிக் காக்க. அந்நியனுக்குக் கனவு இல்லம் அமையட்டும். பிறந்தவனுக்கு அவன் சொந்த இல்லம் முதலில் திறக்கட்டும்.