சிறு பதிப்பாளரும் கடைக்காரரும்

தமிழில் நல்ல நூல்கள் விற்பதில்லை என்ற புலம்பல் நமக்குப் புதிதன்று. வாசகன் இல்லை, இருந்தாலும் வாங்குவதில்லை, தொலைக்காட்சி பாதியையும் கைப்பேசி மீதியையும் விழுங்கிவிட்டன என்று காரணங்கள் அடுக்கப்படும். இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த நூல் எந்த ஊரில் எந்தக் கடையில் கிடைக்கிறது? பெரும்பாலான சிறு பதிப்பகங்களிடம் இதற்கு விடை இல்லை என்பதே உண்மை.

விடை இல்லாமலே காலம் ஓடிவிடுகிறது. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி இருக்கிறது. 2022க்குப் பிறகு மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. நூலக ஆணை வந்தால் ஒரு தொகை கிடைக்கும். இவற்றை நம்பியே அச்சிடுகிறோம். ஆனால் திருவிழா பத்து நாளில் முடிந்துவிடும். நூலக ஆணை எப்போது வரும் என்று எவரும் சொல்ல இயலாது. எஞ்சிய நாள்களில், நடுத்தர ஊர் ஒன்றில் வாழும் பதினேழு வயதுப் பெண்ணின் கண்ணில் ஒரு நல்ல கவிதை நூல் தற்செயலாகப் படுவதற்கு வழியே இல்லை. நமது கவலை அந்தப் பெண்ணைப் பற்றியது.

சிறு பதிப்பாளர் முதலில் ஒரு சிறு உற்பத்தியாளர். ஊறுகாயோ சோப்போ செய்து கடை தேடி அலைபவருக்கும் அவருக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இப்படிச் சொன்னால் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் கடைக்காரரின் இடத்திலிருந்து ஒருமுறை பார்ப்பது நல்லது. அவருக்கு அலமாரியின் ஒவ்வோர் அடியும் வாடகைதான். மளிகைக் கடையில் பொட்டலச் சரக்குக்குக் கிடைப்பது நூற்றுக்குப் பத்தை ஒட்டிய ஆதாயமே. ஆனால் அது வாரந்தோறும் விற்றுத் தீர்ந்து மீண்டும் நிரப்பப்படுகிறது. நூலுக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தாலும் அது ஓராண்டு அசையாமல் கிடந்தால் அவருக்கு நட்டமே. கழிவை 40 ஆக்கலாமா, 45 ஆக்கலாமா என்று பதிப்பாளர்கள் விவாதிக்கிறார்கள். கடைக்காரர் கேட்பது வேறு. சரக்கு விற்றால் மறுபடி கொண்டுவருவாயா, விற்காவிட்டால் எடுத்துக்கொண்டு போவாயா என்பதே அவர் கேள்வி.

சிறியவர்கள் இதற்கு விடை கண்ட வரலாறு நம்மிடமே இருக்கிறது. கடலூரில் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கியபோது பெரிய நிறுவனங்களின் விளம்பர வலிமை அவரிடம் இல்லை. எந்த நிறுவனத்தின் ஷாம்பூவானாலும் ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார். காலிப் பாக்கெட்டோடு ஆள்கள் வரத் தொடங்கிய பிறகு, அந்தச் சரக்கை வைத்துக்கொள்ளும்படி கடைக்காரரிடம் மன்றாட வேண்டிய தேவை இருக்கவில்லை. பின்னர் சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று மாற்றினார். கடையைத் தேடிப் போகும் அதே வேளையில் கடைக்கு ஆளையும் அனுப்பிவைத்தார் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னொன்று, விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க். பன்னாட்டுக் குளிர்பான நிறுவனங்கள் 1990களில் வந்து, கடைகளுக்குக் குளிர்பதனப் பெட்டி கொடுத்து, அதில் தம் பானத்தை மட்டுமே வைக்க வேண்டும் என்று நிபந்தனை இட்டபோது உள்ளூர்ப் பானங்கள் பல மறைந்தன. பொவன்டோ தென்மாவட்டங்களில் நிலைத்தது. சுவை மட்டும் அதற்குக் காரணமன்று என்பது நம் எண்ணம். கண்ணாடிப் புட்டியில் விற்கப்பட்ட காலத்தில் காலிப் புட்டியை எடுத்துவர வண்டி கடைக்குத் திரும்பிப் போயே தீர வேண்டும். போகும்போதெல்லாம் கணக்குத் தீரும், குறை கேட்கப்படும், புதுச் சரக்கு இறங்கும். சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து 2017 மார்ச் முதல் நாளிலிருந்து அந்நியக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, கடைக்காரர்கள் கைநீட்டிய பானங்களில் பொவன்டோ முன்னே நின்றது. பழகிய வண்டி பழகிய வாசலில் நின்றது, அவ்வளவே.

நூல்களிலும் இதற்குச் சான்று உண்டு. 1969இல் தொடங்கிய ராணி முத்து, அகிலன் போன்றோரின் நாவல்களைப் பெட்டிக்கடை வரை கொண்டுசென்றது. நாளிதழ் முகவர்கள் நாள்தோறும் போய்வந்த பாதையில் நாவலும் சேர்ந்து போயிற்று. மறுமுனையில் சி.சு. செல்லப்பா இருக்கிறார். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய அவர், தாம் வெளியிட்ட நூல்களைப் பையில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். அதைத் தியாகம் என்று போற்றுகிறோம், போற்ற வேண்டியதே. ஆனால் ஒரு தனிமனிதரின் தோள் எத்தனை ஊருக்குத் தாங்கும்? அவர் நடந்த வழியில் கடைகளின் வரிசை ஒன்று உருவாகியிருந்தால் பின்வந்தவர்களுக்கு அது பாதையாகியிருக்கும். தியாகத்தைக் கொண்டாடும் நாம், பாதை அமைக்கும் வேலையை எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

கடைகள் பணம் தருவதில்லை என்பது பதிப்பாளர்களின் நீங்காத குறை. அது பொய்யன்று. ஆனால் விற்றபின் பணம் என்று கொடுத்துவிட்டு ஈராண்டு எட்டிப் பாராதவருக்குப் பாக்கி எங்கிருந்து வரும்? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 24ஆம் பிரிவில், விற்றால் பணம் இல்லையேல் திருப்பம் என்று தரப்படும் சரக்கைப் பற்றிப் பேசுகிறது. திருப்புவதற்குக் கெடு குறித்திருந்து, மறுப்புச் சொல்லாமல் அந்தக் கெடு கடந்துவிட்டால் சரக்கு வாங்கியவருக்கே உரியதாகிவிடும். பணம் தர அவர் கடமைப்பட்டவர். ஆகவே டெலிவரி சலானில் ஒரு தேதி எழுதிக் கையொப்பம் பெறுவது சிறிய காரியமன்று. அந்தத் தேதியில் நேரில் போய் நிற்பது அதனினும் பெரிய காரியம்.

யார் போவது? இங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 250 ரூபாய் நூல் என்று கொள்வோம். கடைக்கழிவு 35 விழுக்காடு, அதாவது 87.50. எழுத்தாளருக்குப் பத்து விழுக்காடு, 25. தாளும் அச்சும் 80 என்று வைத்தால் எஞ்சுவது 57.50. இருபது கடைகளில் மாதம் மும்மூன்று பிரதி விற்றால் 3,450 ரூபாய். ஒருவரை அனுப்பிவைக்க இது போதாது. ஐந்து பதிப்பகங்கள் சேர்ந்து ஒரே ஆளை அனுப்பினால் 17,250. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று ஒரே தடத்தில் மாதம் ஒருமுறை அவர் போய்வரலாம். கடைக்கு ஒரு சிறு அடுக்கு, அதில் முப்பது நூல், நூலுக்கு இரண்டு பிரதி; அசையாததை எடுத்துவிட்டு வேறு வைப்பது, கணக்கை அன்றே தீர்ப்பது. புத்தகக் கடை இல்லாத ஊரில் கல்லூரிக்கு எதிரே நோட்டுப்புத்தகம் விற்கும் கடை, இயற்கை அங்காடி, கூட்டம் கூடும் தேநீர்க் கடை என எதுவும் ஆகலாம். இருபது கடைகள் போதும், இருநூறு வேண்டாம். இருபதில் பன்னிரண்டு தேறினாலும் அது வெற்றியே.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது கடை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபின் ஐம்பது பிரதிகூட அடித்துக்கொள்ளலாம், வீட்டுக்கே அனுப்பலாம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பெயர் தெரிந்த நூலைத் தேடுகிறவருக்கே இணையம் பெரிதும் உதவும். பெயர் தெரியாதவர் எதைத் தேடுவார்? பேனா வாங்க வந்த இடத்தில் ஒரு நூலைப் புரட்டிப் பார்த்து, இரண்டு பக்கம் படித்து, விலையைப் பார்த்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் காசோடு வருகிறவர்தாம் புதிய வாசகர். ஐம்பது பிரதி அச்சிட்டு ஐம்பது நண்பர்களுக்கு அனுப்புவதில் குற்றமில்லை. ஆனால் அப்படியே பழகிவிட்டால், எழுதுகிறவர்கள் எழுதுகிறவர்களுக்கே விற்கும் நிலைதான் மிஞ்சும். மொழிக்குப் புது வாசகர் சேர மாட்டார்கள்.

பதிப்பாளரிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. காலிப் பாக்கெட்டோடு கடைக்குப் போனவர்களின் வேலையை இங்கே செய்ய வேண்டியவர்கள் நாம். நம் ஊர்க் கடையில் ஒரு நூலின் பெயரைச் சொல்லிக் கேட்போம். இல்லை என்றால் வரவழைத்துத் தரும்படி சொல்லி, வந்ததும் தவறாமல் வாங்குவோம். அடுத்த மாதம் மீண்டும் போவோம். இரண்டு பேர் கேட்ட நூலை மூன்றாமவருக்காகக் கடைக்காரர் தாமே எடுத்துவைப்பார்.